பழுதான ஸ்டாண்ட் மிக்சரைத் தூக்கி எறியும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் சமையலறைச் சாதனங்களைப் பற்றி அண்மையில் வெளியான குறிப்புகளில், ஸ்டாண்ட் மிக்சர் ஓடாமல் நின்றுவிட்டால் அதைப் பழுதுபார்க்க மெனக்கெடுவது வீண், புதியது ஒன்றை வாங்கிவிடுவதே லாபம் என்ற பொருளில் ஓர் அறிவுரை இடம்பெற்றிருந்தது. வீட்டு மின்சாதனங்களைப் பிரித்துச் சரிசெய்வதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. திருகு ஒன்றுகூடக் கண்ணில் படாதபடி பசை வைத்து ஒட்டிய மலிவான கருவிகளுக்கு அது பொருந்தலாம். மாவு பிசையவும் க்ரீம் அடிக்கவும் மேடைமேல் நிற்கும் இந்தக் கனமான இயந்திரத்துக்கு அது பொருந்தாது. இன்று நம் வீடுகளில் எஞ்சியிருக்கும் சாதனங்களில், திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிந்தபடி செய்யப்பட்ட மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று. அதைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதற்கு முன், அதன் உள்ளே என்ன இருக்கிறது, எது கெடுகிறது, எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யவே இக்கடிதம்.

இந்த இயந்திரத்தின் அடிப்படை அமைப்பு நூறாண்டுகளுக்கு மேலாகப் பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ரொட்டிக்கான மாவைக் கையால் கிண்டுவதைப் பார்த்து 1908இல் இயந்திரக் கலப்பான் ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். அதே நிறுவனம் 1919இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கான எச்-5 இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கிண்ணம் அசையாமல் நிற்க, அடிப்பான் ஒரு திசையில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே எதிர்த்திசையில் கிண்ணத்தை வலம்வரும் அமைப்பு அப்போதே வந்துவிட்டது. கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல் இருப்பதால் அதைக் கோள்சுற்று அமைப்பு என்கிறோம். பிரிட்டனில் 1950இல் வந்த கென்வுட் செஃப்பும் அதே வழியைப் பின்பற்றியது. அந்தக் காலத்து இயந்திரங்கள் சில இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தேய்ந்த உறுப்பை அவ்வப்போது ஒருவர் மாற்றிவந்ததுதான் அதற்குக் காரணம்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் அமைப்பு, மோட்டாரின் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், அவற்றைச் சூழ்ந்த கிரீஸ், கடைசியாக அடிப்பானைச் சுழற்றும் கோள்சுற்றுப் பகுதி. பெரும்பாலான இயந்திரங்களில் இருப்பது, சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் சிறு கரித்துண்டுகளான கார்பன் பிரஷ்களை வைத்த யுனிவர்சல் மோட்டார். சிலவற்றில் மோட்டாருக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் நடுவே பற்கள் வைத்த ரப்பர் பெல்ட் இருக்கும். புதிய மாடல்கள் சிலவற்றில் பிரஷ் இல்லாத மோட்டாரும் மின்னணுப் பலகையும் வந்துவிட்டன. அவற்றுக்கு நான் கீழே சொல்வதில் பாதி மட்டுமே பொருந்தும்.

பிரிப்பதற்கு முன் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. மோட்டாரோடு இணைந்த கெப்பாசிட்டரில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், பிடுங்கியபின் சில நிமிடங்கள் காத்திருந்து, அதன் முனைகளில் மின்னழுத்தம் இல்லை என்பதை மல்டிமீட்டரால் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தைத் திறக்கவே வேண்டாம். மூடி திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது, இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு மட்டும் உரிய காரியம். வீட்டில் செய்கிறவர்கள் மின்சாரம் இல்லாத நிலையில் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அவையே பெரும்பாலான பழுதுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, இயந்திரம் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் சத்தமே இல்லையா, மோட்டார் சத்தம் வந்தும் அடிப்பான் சுழலவில்லையா, அல்லது எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கு வரும் விடையே, எந்தப் பக்கத்து மூடியைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். இதைக் கேட்காமல் திருப்புளியை எடுப்பவர்கள்தான் நன்றாக இருக்கும் பகுதியைக் குலைத்துவிட்டு, பழுதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சத்தமே இல்லை என்றால் வேறொரு சாதனத்தை அதே பிளக் பாயிண்டில் செருகிப் பார்ப்பது முதல் வேலை. அடுத்தது, ஓய்வு கொடுப்பது. பல இயந்திரங்களில் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறினால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உறுப்பு இருக்கிறது. கெட்டியான மாவை நீண்ட நேரம் பிசைந்த பிறகு திடீரென்று நின்ற இயந்திரம், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். ஆறியும் ஓடவில்லை என்றால் ஒயரைப் பாருங்கள். அது இயந்திரத்துக்குள் நுழையும் இடத்திலும் பிளக்கின் கழுத்திலும்தான் அடிக்கடி மடங்குகிறது. மேலே ரப்பர் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் ஒலி தரும் நிலையில்) வைத்து, ஒயருக்குள் இருக்கும் ஒரே கம்பியின் இரு முனைகளையும் தொட்டபடி ஒயரை மெல்ல வளைத்தால், வளைக்கும் கோணத்துக்கு ஏற்பப் பீப் சத்தம் வந்து வந்து போகும். அப்படி ஒரு முறை விட்டாலும் அந்த ஒயரை முழுதாக மாற்றிவிட வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றுவது இந்த இடத்தில் ஆபத்து.

ஒயரும் ஸ்விட்சும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கார்பன் பிரஷ். பல மாடல்களில் தலைப்பகுதியின் இருபுறமும் காசு அளவில், நடுவே வெட்டு வைத்த பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். பெரிய தட்டைத் திருப்புளியால் அவற்றைத் திருகினால் ஸ்பிரிங்கோடு பிரஷ் வெளியே வந்துவிடும், இயந்திரத்தைப் பிரிக்கவே தேவையில்லை. எடுக்கும் போதே அது எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சுழலும் கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டை உருளையின் வளைவுக்கு ஏற்பப் பிரஷ்ஷின் முனை தேய்ந்து குழிந்திருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் அந்தக் குழிவு பொருந்தாமல் பொறி பறக்கும். நல்ல பிரஷ்ஷின் முனை கண்ணாடிபோல் வழவழப்பாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். கெட்டதன் முனையில் சிறு குழிகளும் ஓரத்தில் உடைந்த சில்லுகளும் தெரியும். ஸ்பிரிங் வெப்பத்தால் நீலம் பாரித்து, அழுத்தினால் திரும்ப எழும்பாமல் சோர்ந்திருக்கும். கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தேய்ந்த பிரஷ்ஷை மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியது பொருத்தியபின், கிண்ணத்தில் ஒன்றும் இல்லாமல் சில நிமிடங்கள் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் முனை இடத்தோடு பொருந்திக்கொள்ளும். தொடக்கத்தில் சிறு பொறிகள் தெரிவது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் அது வேறு கதை. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் காயிலில் கோளாறு என்று பொருள்.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் துடைக்கலாம். எமெரித் தாளை அங்கே பயன்படுத்தக் கூடாது. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும் தன்மை உடையது, செம்புப் பட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் ஒன்றையொன்று இணைத்துவிடும். துடைத்த பிறகு பட்டைகளின் இடுக்குகளில் தேங்கிய கார்பன் தூளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட வேண்டும்.

இப்போது நான் விரிவாகச் சொல்ல விரும்பும் பழுதுக்கு வருகிறேன். மோட்டார் சத்தம் கேட்கிறது, முன்பைவிட வேகமாகக்கூடக் கேட்கிறது. அடிப்பான் மட்டும் அசைவதில்லை, அல்லது மாவில் பட்டவுடன் கடகடவென்று அரைபட்டு நின்றுவிடுகிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோய் இயந்திரம் முடிந்தது என்று முடிவுகட்டுபவர்களே அதிகம். உண்மையில் இது நல்ல செய்தி. மோட்டார் உயிரோடிருக்கிறது, பல்சக்கரம் ஒன்று தன் கடமையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

கிச்சன்எய்ட் வகை இயந்திரங்களில் மோட்டாரின் அச்சு முனையில் திருகுப் புரிபோல் வெட்டப்பட்ட வார்ம் இருக்கிறது. அதனோடு பொருந்தி ஓடும் வார்ம் சக்கரத்தை வேண்டுமென்றே மற்றவற்றைவிட மென்மையான பொருளில் செய்திருக்கிறார்கள். கிண்ணத்தில் மாவு இறுகிச் சுமை எல்லை மீறினால், மோட்டாரின் காயில் எரிவதற்கு முன், அச்சு வளைவதற்கு முன், இந்த ஒரு சக்கரத்தின் பற்கள் மழுங்கிப்போய்ச் சுமையை விடுவிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஃபியூஸ் கம்பி உருகி வீட்டு ஒயரிங்கைக் காப்பாற்றும் அதே தத்துவம். ஃபியூஸ் போனதற்காக யாரும் வீட்டை விற்பதில்லை. இந்தச் சக்கரம் போனதற்காக இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எப்படிச் சரியாகும்? தனியே வாங்கி மாற்றுவதற்காகவே தயாரித்த உறுப்பு இது.

மாற்றும் வேலைக்குப் பொறுமை வேண்டும், அபூர்வமான கருவிகள் வேண்டாம். ஒரு சுத்தியல், பொருத்தமான அளவில் ஒரு பின் பஞ்ச் (பூட்டு ஊசியைத் தட்டி வெளியேற்றும் கம்பி), திருப்புளிகள், பழைய துணிகள் போதும். முதலில் கோள்சுற்றுப் பகுதியின் விளிம்பில் உள்ள வளையத்தைத் திருப்புளியின் முனையால் சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பி இறக்க வேண்டும். பிறகு அப்பகுதியை நடு அச்சோடு பூட்டியிருக்கும் சிறிய உருக்கு ஊசி (பின்) தெரியும். அதைப் பஞ்ச் வைத்துத் தட்டினால் வெளியே வரும், சுற்றுப்பகுதி கீழே இறங்கிவிடும். மேலே உள்ள திருகுகளைக் கழற்றி மோட்டார் பெட்டியையும் பல்சக்கரப் பெட்டியையும் பிரிக்கும்போது, நடுவில் ஒரு காகித கேஸ்கட் இருந்தால் அது கிழியாமல் எடுக்க வேண்டும். கிழிந்தால் புதியது போட வேண்டும், அதில் மிச்சம் பிடித்தால் எண்ணெய் கசியும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துவைத்து, கழற்றிய திருகுகளை அந்தந்தக் கட்டத்தின் பெயரெழுதிய சிறு கிண்ணங்களில் போட்டுவைத்தால், திரும்பப் பூட்டும்போது மனம் பதறாது. திருகுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் மாறும். நீளமானதைக் குட்டைத் துளையில் முடுக்கினால் வார்ப்புப் பெட்டியே வெடித்துவிடும்.

திறந்ததும் பழுப்பு நிறக் கிரீஸ் குழம்பாகக் கிடக்கும். அதை வழித்து எடுத்து வெளிச்சத்தில் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால், சக்கரம் தேய்ந்திருக்கும் பட்சத்தில் அதில் மினுக்கும் உலோகத் துகள் தெரியும், நைலான் சக்கரமாக இருந்தால் வெண்மையான துருவல் தெரியும். சக்கரத்தைத் துடைத்து மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பற்கள் மொட்டையாகி, மற்ற இடங்களில் கூர்மையாக இருந்தால் திடீர்ச் சுமையால் போனது என்று கொள்ளலாம். எல்லாப் பற்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து மெலிந்திருந்தால் பல காலத் தேய்மானம். இரண்டாவது வகையில் வார்மின் புரிகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் தேய்ந்த வார்மோடு புதிய சக்கரத்தைப் பூட்டினால் அதுவும் விரைவில் போய்விடும். சக்கரம் நன்றாகவே இருந்து அடிப்பான் சுழலவில்லை என்றால், முன்பு சொன்ன அந்தச் சிறிய பின் நடுவில் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பின்னுக்காக முழு இயந்திரத்தையும் தூக்கிப்போட்டவர்களை நான் அறிவேன். பெல்ட் வைத்த இயந்திரங்களில் இதே அறிகுறி வந்தால் பெல்ட்டின் பற்கள் உதிர்ந்திருக்கும். மூடியைத் திறந்ததும் கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக்கிடப்பதைக் கண்டாலே போதும்.

கிரீஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கிண்ணத்தில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்து அருவருத்து இயந்திரத்தையே வெறுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்துவைக்கும் கெட்டிப்பொருளும் சேர்ந்த கலவை. இயந்திரம் நெடுநாள் ஓடாமல் கிடந்தாலோ, வெப்பமான இடத்தில் இருந்தாலோ எண்ணெய் தனியாகப் பிரிந்து அச்சின் வழியே கீழே இறங்கும். கிரீஸ் பழையதாகிவிட்டது என்பதைத் தவிர அதில் வேறு கெடுதல் அறிகுறி எதுவும் இல்லை. பழையதை ஒரு துளி விடாமல் வழித்தெடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். பழையதன் மேலேயே புதியதைப் பூசக் கூடாது. வெவ்வேறு கெட்டிப்பொருள்கள் கொண்ட கிரீஸ்கள் கலந்தால் நீர்த்துப்போய் முன்பைவிட அதிகமாக வடியும். புதிய கிரீஸ், தற்செயலாக உணவில் பட்டாலும் கேடு விளைவிக்காத எச்1 என்ற வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். சைக்கிளுக்கும் காருக்கும் போடும் கிரீஸை இதில் போடுவது, சமைக்கிற பாத்திரத்துக்கு மேலே அதைத் தொங்கவிடுவதற்குச் சமம். இந்த ஒரு விஷயத்தில் யாரும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது வகை, வேகம் கட்டுப்படாத கோளாறு. பழைய முறை இயந்திரங்களில் மோட்டார் அச்சின் பின்முனையில் கவர்னர் என்ற உறுப்பு இருக்கும். வேகம் கூடக்கூட அதன் எடைகள் விரிந்து முன்னுள்ள தகட்டைத் தள்ளும், தகட்டிலுள்ள தொடுமுனைகள் விலகி மின்சாரத்தைக் குறைக்கும், வேகம் தணிந்ததும் முனைகள் மறுபடி சேரும். இந்த விலகலும் சேர்தலும் ஓயாமல் நடப்பதால்தான் சுமை மாறினாலும் வேகம் சீராக இருக்கிறது. தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டாலும், கவர்னரின் எடைகள் விரியாமல் இறுகிக்கொண்டாலும், முதல் எண்ணில் வைத்தாலும் இயந்திரம் முழு வேகத்தில் சீறும். பின்பக்க மூடியைக் கழற்றினாலே இந்தப் பகுதி கண்ணெதிரே இருக்கும். மாவுத்தூளும் கார்பன் தூளும் படிந்து எடைகள் இறுகியிருப்பதே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது, உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மின்னணு முறையில் வேகம் கட்டுப்படும் இயந்திரங்களில் இதே அறிகுறி தெரிந்தால் பெரும்பாலும் பலகையில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரையாக் என்ற உறுப்பு ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது மோட்டார் அச்சின் வேகத்தைக் கணக்கிடும் உணரியின் காந்தம் கழன்றிருக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பலகையைத் தனியே கழற்றி எடுத்துக்கொண்டு ஒரு மெக்கானிக்கிடம் போகலாம். முழு இயந்திரத்தையும் சுமந்துபோக வேண்டிய அவசியம் இல்லை.

திடீரென்று பட்டென்ற சத்தத்தோடு புகை கிளம்பி, மூக்கைப் பிடிக்கும் நாற்றம் அடித்தால் எல்லோரும் மோட்டார் எரிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். பழைய இயந்திரங்களில் அது பெரும்பாலும் மின்னிரைச்சலை அடக்குவதற்காக வைத்த கெப்பாசிட்டர் வெடித்ததாகத்தான் இருக்கும். அதன் உறையில் காலப்போக்கில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, உள்ளேயுள்ள காகிதத்தில் ஈரம் இறங்கிவிடுவதே காரணம். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புதியது போடும்போது மின்கம்பிகளுக்குக் குறுக்கே வருவது எக்ஸ்2 வகையாகவும், எர்த்துக்குப் போவது ஒய் வகையாகவும் இருப்பது கட்டாயம். அளவு பொருந்துகிறதே என்று சாதாரணக் கெப்பாசிட்டரை அங்கே போடக் கூடாது.

தலை ஆடுவது, கிண்ணத்தின் அடியில் அடிப்பான் உரசுவது, ஓடும்போது மேடையில் இயந்திரம் நகர்ந்து போவது ஆகியவற்றை நான் பழுது என்றே சொல்லமாட்டேன். தலையைத் தாங்கும் குறுக்குப் பின்னின் பூட்டுத் திருகை முடுக்குவதும், கழுத்தில் உள்ள உயரச் சரிசெய்யும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புவதும், தேய்ந்த ரப்பர்க் கால்களை மாற்றுவதும் போதும். உயரம் சரியா என்று பார்க்க, கிண்ணத்தின் அடியில் மெல்லிய நாணயம் ஒன்றை வைத்து மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பான் நாணயத்தை லேசாகத் தொட்டு நகர்த்தினால் சரியான இடைவெளி.

வீட்டில் தொடக் கூடாத நிலைகளும் உண்டு. ஆர்மேச்சரின் காயில் கருகி அதன் வார்னிஷ் உரிந்திருந்தால், வார்ப்புப் பெட்டியில் விரிசல் ஓடியிருந்தால், உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால், தொட்டபோது உடலில் லேசாகவேனும் மின்சாரம் உணரப்பட்டிருந்தால், அதைத் தொழில் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். எந்தப் பழுதைச் சரிசெய்திருந்தாலும், எர்த் இணைப்புள்ள இயந்திரத்தைத் திரும்ப மூடிய பின் பிளக்கின் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் நடுவே மல்டிமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் எர்த் சரியாக இருக்கிறது. மற்ற இரு முனைகளுக்கும் உலோகத்துக்கும் இடையே, ஸ்விட்சைப் போட்ட நிலையில், இணைப்பே காட்டக் கூடாது. இந்த இரண்டையும் பார்க்காமல் பிளக்கைச் சுவரில் செருகுவது விபரீதத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். தொழில் செய்கிறவர்கள் இதற்கு மேலும் மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்து, முதல் முறை இயந்திரத்தோடு தொடராக (சீரிஸில்) இணைத்த ஒரு பல்பு வழியாகவே மின்சாரம் கொடுப்பார்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பழுது திரும்ப வராமல் இருக்கப் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. கிச்சன்எய்ட் கையேட்டில் ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவைப் பிசைய 2ஆம் எண் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று வேகத்தைக் கூட்டுவதும், கிண்ணத்தின் கொள்ளளவைப் பார்த்து மாவின் அளவைத் தீர்மானிப்பதும்தான் அந்த வார்ம் சக்கரத்தைக் கொல்கின்றன. கெட்டியான மாவுக்குக் கிண்ணத்தில் நிறைய இடம் இருந்தாலும் மோட்டாருக்குத் தெம்பு இருக்காது.

இவ்வளவையும் எழுதிய பிறகு, தவறு வாசகர்கள் பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உறுப்பு கிடைத்தால்தானே மாற்ற முடியும்? சக்கரத்தைத் தனியே விற்காமல் முழுப் பல்சக்கரப் பெட்டியாக மட்டுமே விற்பது, வழக்கமான திருப்புளி பொருந்தாத திருகுகளைப் போடுவது, வரைபடங்களைச் சேவை மையங்களுக்குள்ளேயே பூட்டிவைப்பது ஆகியவை நல்ல இயந்திரங்களைக் குப்பைமேட்டுக்கு அனுப்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு நெறியாணையை நிறைவேற்றியது. உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். சலவை இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, தூசி உறிஞ்சி, கைப்பேசி எனப் பலவற்றைப் பழுதுபார்த்துத் தரும் கடமையைத் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தும் அந்தப் பட்டியலில் சமையலறை மிக்சருக்கு இடமில்லை. பழுதுபார்ப்பதற்கு மிக எளிதான ஒரு சாதனம் விடுபட்டுப் போயிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், எந்த மாடலுக்கு எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்பதை வாங்கும்போதே கடையில் கேட்கும் பழக்கம் வாசகர்களுக்கு வர வேண்டும். வாட் எண்ணையும் நிறத்தையும் கேட்கிறவர்கள், கார்பன் பிரஷ்ஷும் வார்ம் சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டால் விற்பவர் தயாரிப்பாளரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

ஆம்ஸ்டர்டாமில் 2009இல் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடம், பழுதான சாதனத்தைக் கொண்டுவருபவரையும் வேலை தெரிந்தவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எதிரிலேயே பிரித்துச் சரிசெய்து காட்டும் முறையைப் பல நாடுகளுக்குப் பரப்பியது. ஒரு நாளிதழால் அதே வேலையை எழுத்தில் செய்ய முடியும். தங்கள் வீட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு சாதனத்தை எடுத்துக்கொண்டு, அதன் பழுதின் அறிகுறி என்ன, காரணம் என்ன, எதை வீட்டில் செய்யலாம், எதற்கு மெக்கானிக் வேண்டும் என்பதைப் படத்தோடு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ஸ்டாண்ட் மிக்சர் குறித்து முன்பு வெளியான அறிவுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, மோட்டார் சத்தம் வந்தும் அடிப்பான் சுழலாத இயந்திரத்தை யாரும் எறிந்துவிட வேண்டாம் என்ற ஒரு வரியையாவது அதில் சேர்க்கும்படியும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
வீட்டு மின்சாதனப் பழுதுபார்ப்பாளர்.